எஞ்சினைக் கேட்கும் நாம், பின்னிருக்கையைக் கேட்கிறோமா?

கார் வாங்கும் பேச்சு ஒரு வீட்டில் தொடங்கிவிட்டால், முதல் கேள்வி "பெட்ரோலா, டீசலா?" என்பதாகவே இருக்கிறது. அடுத்த கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" மூன்றாவதாக, மைத்துனர் வீட்டு வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்ற ஒப்பீடு வந்துவிடுகிறது. அந்த வண்டியின் பின்னிருக்கையில் அமரப்போகும் முதிய தாயின் முதுகைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளுக்கு இந்தக் கேள்விகளின் வரிசை சரியானதன்று என்பதே நாம் சொல்ல விழைவது.

நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார் ஆகியவற்றுடன் வசதியான வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக எண்ணும் நபிமொழி இப்னு ஹிப்பானில் பதிவாகியுள்ளது. மோசமான வாகனம் துன்பங்களின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளதையும் அதே நபிமொழியில் காண்கிறோம். மறுபுறம், திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்கள் வீண்விரயத்தைக் கடுமையாகக் கண்டிக்கின்றன. ஆக, வசதியை நாடுவது குற்றமில்லை, விரயம் குற்றம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டைக் காண்பதற்குக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

கொங்கு நாட்டு வணிகர்களிடம் டீசல் வண்டி மீதுள்ள பற்று காரணமின்றி வந்ததன்று. 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. டீசல் விலையோ கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 2012இல் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 20 ரூபாய்க்கும் மேற்பட்ட வேறுபாடு நிலவியது. மாருதி, டாடா, பியட் ஆகிய மூன்று நிறுவனங்களின் வண்டிகளிலும் பியட்டின் அதே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும் திருப்பூருக்கும் ஓயாது அலைந்தவர்களுக்கு டீசல் உண்மையாகவே மிச்சம் தந்தது.

ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலையும் விடுவிக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 8 ரூபாய்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மாருதி நிறுவனம் டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. அத்தா காலத்தில் சரியாக இருந்த கணக்கை நாம் மறுபடியும் போட்டுப் பார்க்காமல் அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று கொள்வோம். நடுத்தரக் கார் ஒன்று பெட்ரோலில் 16 கிலோமீட்டரும் டீசலில் 21 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 1 ரூபாய் 88 காசு. டீசல் வண்டியின் விலை ஒன்றேகால் இலட்சம் ரூபாய் கூடுதல் என்றால், அத்தொகையை மீட்கச் சுமார் 66,500 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் பத்து முறை கோவையிலிருந்து ஈரோடு சென்று திரும்பும் வணிகர் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறார். மூன்று ஆண்டுகள் நிறையும் முன்பே மீட்டுவிடுவார். பள்ளிக்கூடம், கடைவீதி, ஜும்ஆ, உறவினர் இல்லம் என்று மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகும். விலைகள் மாறலாம், தம் வண்டிக்கும் தம் ஓட்டத்துக்கும் உரிய எண்களை இட்டு ஒவ்வொரு குடும்பமும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

இதில் பலரும் அறியாத மற்றொன்று உண்டு. பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. எஞ்சின் நன்கு சூடேறித் தொடர்ந்து சற்று வேகமாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி தூய்மையாகும். கோட்டைமேட்டிலிருந்து உக்கடம் வரை, கரும்புக்கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை என்று நாளும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓட்டினால் சரியாகும். ஓட்டாமலே விட்டால் பணிமனைச் செலவு பெரிதாகும். நகருக்குள் மட்டும் ஓடும் வீட்டுக்கு டீசல் தகாது என்பதற்கு விலையைவிட இதுவே வலுவான காரணம்.

"மலையேற டீசல்தானே வேண்டும்?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஏழு பேரும் மூட்டைகளுமாக ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது, குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும் டீசல் எஞ்சினின் பலம் புலப்படும். மலைத் தோட்டங்களுக்கு வாரந்தோறும் சென்றுவருவோர் அதையே தேர்வதில் தவறில்லை. ஆண்டுக்கு இருமுறை ஊட்டி செல்லும் குடும்பமோ, அந்த இரண்டு நாட்களுக்கு ஒரு வாடகை வண்டியை அமர்த்திக்கொள்ளலாம். மீதமுள்ள நாட்களுக்காக ஒன்றேகால் இலட்சத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை.

இனிப் பின்னிருக்கைக்கு வருவோம். சாலையின் அடியை வாங்கிக்கொள்வது சஸ்பென்ஷன். பொலிரோ போன்ற வண்டிகளின் பின்புறம் லாரிகளில் உள்ளதைப் போன்ற பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. அது பாரம் தாங்கும். ஆளில்லாமல் ஓடும்போது தூக்கிப் போடும். எர்டிகா உள்ளிட்ட பெரும்பாலான குடும்பக் கார்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரு குறுக்குத்தண்டு இணைக்கிறது. விலையும் பராமரிப்பும் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அதன் அசைவு மற்றதற்கும் ஓரளவு செல்லும். எக்ஸ்.யூ.வி.700 போன்ற விலை கூடிய வண்டிகளில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். மிக மென்மையான அமைப்பும் குறையற்றதன்று: நேர்சாலையில் தொட்டிலாக இருக்கும் அதே வண்டி, மலை வளைவில் சாய்ந்து சாய்ந்து குழந்தைகளுக்கு வாந்தியை வரவழைக்கலாம்.

ஒரே காரில் சஸ்பென்ஷனைத் தனியே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நிறுவனங்கள் பொதுவாக நமக்குத் தருவதில்லை. ஆயினும் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது. உயர்ந்த வேரியண்டில் அழகிய பெரிய அலாய் சக்கரமும் அதைச் சுற்றி உயரம் குறைந்த டயரும் வரும். டயரின் உயரம் குறையக் குறையக் காற்றின் மெத்தையும் குறைகிறது. குழியின் அடி நேரே முதுகில் ஏறும். குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய நம் தெருக்களில், சிறிய சக்கரமும் தடித்த டயரும் கொண்ட நடு வேரியண்டே முதியவர்களுக்கு இதமானது. விலையும் குறைவு. அழகுக்காகக் கூடுதல் பணம் கொடுத்து வலியை வாங்க வேண்டுமா?

ஆகவே, வெள்ளோட்டத்துக்குச் செல்லும்போது விற்பனையாளரும் மகனும் மட்டும் அவினாசி சாலையின் நேர்வழியில் ஓட்டிவிட்டுத் திரும்புவது போதாது. அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்துங்கள். நம் வீட்டுத் தெருவிலேயே, வேகத்தடைகளின் மீதும் ஒட்டுப்போட்ட இடங்களின் மீதும் ஓட்டச் சொல்லுங்கள். ஏறவும் இறங்கவும் அவர்களால் இயல்கிறதா என்று பாருங்கள். முடிவில் அவர்களிடமே கேளுங்கள்.

வட்டிக் கடனைத் தவிர்த்து, கையிருப்பில் பழைய கார் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டால் அது ஓர் அசைவில் நிலைகொள்ள வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதில் எண்ணெய் கசிந்த தடம் உள்ளதா என்றும் பார்க்கவும். இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், பழைய பெட்ரோல் வண்டி அதற்கு ஏற்றதா என்று அதன் கையேட்டில் சரிபார்ப்பதும் நல்லது. நம்பகமான மெக்கானிக் ஒருவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், பின்னர் வரக்கூடிய பல்லாயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கும்.

வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து ஊரார் என்ன சொல்வர் என்பது சில நாட்களில் மறைந்துவிடும். மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் ஒவ்வொரு குழியிலும் பெற்றோர் படும் வேதனை, அந்த வண்டி நம்மிடம் இருக்கும் வரை தொடரும். மாதம் எத்தனை கிலோமீட்டர், உள்ளே அமர்வோர் யார் என்னும் இவ்விரண்டையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வோம். அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, நம் பொருளில் பரக்கத் செய்வானாக.