பௌதிகம் படிக்க ஆசைப்படுற தங்கச்சிக்காக யார் கதைக்கிறது?

ஒவ்வொரு வருசமும் பெப்ரவரி 11 வந்தால் எங்கட முகநூல் முழுக்க மேரி கியூரியின் படம்தான். விஞ்ஞானத்தில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்த நாள் அது. படத்துக்குக் கீழே பெண்பிள்ளைகளைத் துணிந்து வரச்சொல்லி ஒரு வரி இருக்கும். நாங்களும் பகிர்ந்திருக்கிறோம். இந்தமுறை பகிரும்போதுதான் எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. எங்கட பிள்ளைகள் துணிவு இல்லாமலா பௌதிகத்தை விட்டார்கள்?

"கலைப்பீடத்து ஆக்கள் நீங்கள் ஏன் பௌதிகம் கதைக்கிறியள்?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேணும். இதை எழுத உட்கார்ந்த ஐந்து பேரில் மூவர் பெண்கள். அதில் இருவர் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தவர்கள். ஒருத்தியின் ஊர்ப் பள்ளிக்கூடம் 1சி. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும்தான் அங்கே உண்டு. விஞ்ஞானம் வேண்டுமென்றால் ரவுணில் இருக்கிற 1ஏபி பாடசாலைக்குப் போகவேணும். அவளின் அண்ணன் போனான். அவள் கேட்டபோது, "ரியூசன் முடிஞ்சு இருட்டுக்குள்ள எப்பிடி வருவாய்?" என்பதோடு கதை முடிந்தது. மற்றவள் இணைந்த கணிதம் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, "வகுப்பு முழுக்கப் பெடியள், நீ தனிய இருப்பியோ?" என்று கேட்டது ஒரு ரீச்சர்.

கலைப்பீடத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. இப்படியான கேள்விகளைக் கேட்க எங்களுக்குப் பழக்கியதே இங்கே படித்த சமூகவியல்தான். ஆனால் அவர்கள் இருவரும் இங்கே விரும்பி வந்தவர்கள் இல்லை.

'பெட்டையளுக்குப் பௌதிகம் ஓடாது' என்று இன்னமும் சொல்பவர்களுக்கு ஒரு விசயம். எங்கட உயர்தரத்தில் பயோ படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் எடுப்பதும், மெத்ஸ் படிக்கிற பிள்ளைகள் எடுப்பதும் ஒரே பௌதிகவியல்தான். அதே பாடத்திட்டம், அதே வினாத்தாள். பயோ வகுப்புகளில் நிரம்பியிருக்கிற பெண்பிள்ளைகள் அந்த வினாத்தாளைச் செய்துதான் மருத்துவபீடத்துக்குப் போகிறார்கள். ஓடாத பாடத்தில் எப்படி அவ்வளவு நல்ல பெறுபேறு வருகிறது? பிரச்சினை என்னவென்றால், வீட்டில் பௌதிகம் எப்போதும் மூன்றாவது பாடம். டொக்டராகவோ இஞ்சினியராகவோ ஆவதற்கு ஏறிப்போகிற படி. அந்தப் படியிலேயே நிற்க ஒருத்தி ஆசைப்பட்டால் "அதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்பார்கள்.

செய்ய நிறைய இருக்கிறது. புற்றுநோயாளிக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கும்போது எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் பார்ப்பது மருத்துவப் பௌதிகவியலாளர்தான். புயல் வருகுது என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதற்குப் பின்னாலும் பௌதிகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இதைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். வேறொன்றும் வேண்டாம், பௌதிகம் படிப்பிக்க ஆள் இல்லாமல் ஒரு தவணை முழுக்கப் பாடம் நடக்காத பள்ளிக்கூடத்தில் எங்களில் ஒருவன் படித்திருக்கிறான். அங்கே ஒரு பௌதிக மிஸ் இருந்திருந்தால்?

எங்களுக்குப் பிடித்த கதை கியூரியுடையது இல்லை, ஜோசலின் பெல்லுடையது. வட அயர்லாந்தில் 1943இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் தொடங்குகிற நேரம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பெடியள் ஆய்வுகூடத்துக்கு, பெட்டையள் மனையியல் அறைக்கு. (எங்கட ஊரில் யாருக்காவது இது புதிசா?) பெல் வீட்டுக்கு வந்து சொல்ல, தாயும் தகப்பனும் பள்ளிக்கூடத்தோடு சண்டைக்குப் போனார்கள். அடுத்த பாடத்துக்கு ஆய்வுகூடத்தில் மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக, கிலோமீற்றர் கணக்கான பதிவுத்தாள்களைக் கண்ணால் பார்த்து, அதில் ஒரு சின்னத் துடிப்பைப் பிடித்தார். அதுதான் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சர். 1974இல் அதற்கான நோபல் பரிசு அவரின் மேற்பார்வையாளருக்குப் போனது. 2018இல் தனக்குக் கிடைத்த 30 இலட்சம் டொலர் பரிசை, பௌதிக ஆய்வுக்கு வர வழியில்லாத மாணவர்களுக்குப் புலமைப்பரிசிலாக முழுதாகக் கொடுத்துவிட்டார்.

பௌதிகத்துக்கான நோபல் 1901இலிருந்து கொடுக்கப்படுகிறது. வாங்கிய பெண்கள் இதுவரை ஐந்து பேர். 1903இல் கியூரிக்குப் பிறகு அடுத்த பெண்ணுக்கு 60 வருசம் ஆனது. அந்த மரியா கோப்பேர்ட் மேயர்கூட, கணவர் வேலைசெய்த பல்கலைக்கழகங்களில் வருசக்கணக்காகச் சம்பளமில்லாமல் ஆராய்ச்சி செய்தவர். துணிவு போதும் என்றால் அவருக்கு அது குறைவாகவா இருந்தது?

பெல்லின் கதையில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தத் தாய் தகப்பனைத்தான். பிள்ளைக்கு ஆசை ஏற்கெனவே இருந்தது. அவளுக்காகச் சண்டைபிடிக்க வீட்டில் ஆள் இருந்தது. எங்கட இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது அதுதான். ஆகவே 'துணிந்து வா' என்று பிள்ளைக்குச் சொல்வதைக் கொஞ்சநாள் நிறுத்திவிட்டு, வளர்ந்த ஆக்களிடம் கேட்போம். ரியூசனை ஏன் இரவு ஏழு மணிவரை வைக்கிறீர்கள்? சுரமானியையும் வேணியர் இடுக்கிமானியையும் ஏன் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? செய்முறை நடந்தாலும் பெடியள் கருவியைப் பிடிக்க, பெட்டையள் ஏன் வாசிப்பை எழுதிக்கொண்டு நிற்கவேணும்?

எங்களில் ஒருத்தியின் சித்தப்பாவின் மகள் இந்த வருசம் சாதாரண தரம் எழுதினாள். மெத்ஸ் படிக்கவேணும், பிறகு கம்பஸில் பௌதிகம் செய்யவேணும் என்று நிற்கிறாள். வீட்டில் பயோ என்கிறார்கள். போன ஞாயிறு நாங்கள் மூன்று பேர் போய்ச் சித்தப்பாவோடு கதைத்தோம். தேத்தண்ணி குடித்து முடியும்வரைக்கும் மனுசன் வாயே திறக்கவில்லை. வெளிக்கிடுகிற நேரம்தான் கேட்டார், "ரவுணில இருந்து கடைசி பஸ் எத்தினை மணிக்கு?"

ஆறேகாலுக்கு. வகுப்பு முடிவது ஆறரைக்கு. அடுத்த கிழமை ரியூசன் சேரைப் பார்க்கப் போகிறோம்.