இரண்டு டேலி



பி.காம் படிக்கிற எனக்கு டேலி என்றால் கணக்கு எழுதும் மென்பொருள். அமெரிக்காவில் குதிரைமேல் மாடு பிடிக்கிறவர்களுக்கு டேலி என்றால் கயிற்றைச் சேணத்தின் முன்னால் நிற்கும் குமிழில் சுற்றுவது. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான் :) முதல் டேலியில் தப்பு வந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். இரண்டாவதில் தப்பு வந்தால் கட்டைவிரலே போய்விடலாம்.

இந்த இரண்டாவது டேலி வருவது டீம் ரோப்பிங் என்ற ரோடியோ விளையாட்டில். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயடித்த இளங்காளை ஒன்று கூண்டிலிருந்து ஓடும். குதிரையில் துரத்தும் இருவரில் முதல் ஆள், அதாவது ஹெடர், அதன் கொம்பிலோ கழுத்திலோ சுருக்கு வீசி, கயிற்றைக் குமிழில் சுற்றி, காளையை இடப்பக்கம் திருப்புவார். இரண்டாம் ஆளான ஹீலர் பின்னங்கால் இரண்டையும் சுருக்கில் பிடிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் சிக்கினால் 5 வினாடி அபராதம். காளைக்குத் தர வேண்டிய இடைவெளியைத் தராமல் முந்திப் பாய்ந்தால் 10 வினாடி. பெரிய போட்டிகளில் மொத்த வேலையும் 4, 5 வினாடியில் முடிகிறது என்றால் இந்த அபராதம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இதைக் கற்க வீடியோ போதும் என்கிறார்கள் பலர். எனக்கு உடன்பாடில்லை.

காரணம் என் சொந்த அனுபவம். சிரிக்காதீர்கள். வீடியோ பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் நைலான் கயிற்றால் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிக்க இரண்டு வாரம் முயன்றேன். ஓடாத நாற்காலி! பத்துக்கு ஒன்றுகூட விழவில்லை. துணி எடுக்க வந்த தங்கை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணா, விடும்போதே நீ கையைப் பின்னால இழுத்துக்கறே" என்றாள். அவளுக்கு ரோப்பிங் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்தில் நின்றாள். வீடியோ சாம்பியன் என்ன செய்கிறார் என்று காட்டும். நாம் என்ன செய்கிறோம் என்று காட்டாது.

நல்ல பயிற்சியாளர் செய்வதும் இதைத்தான். முதலில் தரையில் நிற்க வைத்து, அசையாத பொம்மைக் காளைமேல் வீசச் சொல்வார். பிறகு வண்டி இழுக்கும், கால் தத்தும் பொம்மை. காளை தத்தித் தத்தி ஓடும்போது பின்னங்கால்கள் சேரும் கணம் எது என்பதை ஹீலருக்குக் கூடவே வந்து சொல்லிக்கொடுப்பார். டேலி சுற்றும்போது கட்டைவிரல் மேலே நிற்கிறதா என்று பார்ப்பார். பத்துத் தப்பு இருந்தால் அதில் முதலில் திருத்த வேண்டியது எது என்று அவருக்குத்தான் தெரியும்.

விரல் விஷயம் சும்மா பயமுறுத்தல் இல்லை. கிளே ஓ'பிரையன் கூப்பருடன் சேர்ந்து 7 முறை உலகப் பட்டம் வென்ற ஜேக் பார்ன்ஸ், 2005-ல் தேசிய இறுதிப் போட்டியிலேயே கட்டைவிரலை இழந்தார். பிறகு களத்துக்குத் திரும்பினார் என்பது வேறு கதை. அவ்வளவு பெரிய கைக்கே இந்த ஆபத்து என்றால், திருத்த ஆளில்லாத புதியவர் கதி?

"பயிற்சிக்குக் காசு யார் தருவது?" என்பது நியாயமான கேள்வி. வணிகவியல் மாணவனாகப் பதில் சொல்கிறேன். தப்புக்கும் செலவு உண்டு. தோற்றுத் தோற்றே கற்கலாம் என்று போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம் கட்டுகிறவர் அந்தச் செலவைத்தான் செய்கிறார். அதையாவது அவரே கட்டுகிறார். ஆனால் மோசமாக விழுந்த சுருக்கின் செலவைக் கட்டுவது காளை. அவசரத் திருப்பத்தின் செலவைக் கட்டுவது குதிரை. கூட்டாளியின் கட்டணமும் சேர்ந்து போகிறது. இவர்கள் யாரும் நம் கணக்குப் புத்தகத்தில் வருவதில்லை.

அதனால் என் கருத்து இதுதான். உயிருள்ள காளைமேல் கயிறு வீசுவதற்கு முன், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பொம்மைமேல் பழக்கிவிட வேண்டும். வீடியோ அதற்குப் பிறகு உதவட்டும்.

நாற்காலி இப்போது பத்துக்கு நான்கு விழுகிறது. தங்கைக்கு ஐஸ்கிரீம் பாக்கி.