திரை மறைக்காத சாதி: இசைத்துறை வாசலில் நம் பிள்ளைகள்

"தோழர், ஆடிஷனுக்கு நான் எதை வாசிக்கிறது?" இசையில் முதுகலை படிக்க விரும்பும் பறைக் கலைஞர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பதற்கு ஏதோ பயிற்சி தொடர்பான சின்னச் சந்தேகம் போலத் தெரியும். ஆனால் இது சாதியைப் பற்றிய கேள்வி. கர்நாடக வயலின் கற்ற மாணவருக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை. எதை வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

நம் ஊர் இசைத்துறைகளின் செய்முறைத் தேர்வில் பெரும்பாலும் என்ன கேட்கிறார்கள்? ஒரு வர்ணத்தை இரண்டு காலங்களில் பாட வேண்டும். ஒன்றிரண்டு கீர்த்தனைகள், ராக ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம். இவை கடினமானவை, பல ஆண்டு உழைப்பைக் கோருபவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. என் கேள்வி, அந்த உழைப்புக்கு வேண்டிய நேரமும் இடமும் ஆசிரியரும் யார் வீட்டில் இருந்தன என்பதுதான். காலையில் சாதகம், மாலையில் பாட்டு வகுப்பு, மார்கழியில் சபா என்று வளரும் பிள்ளையும், திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் அப்பாவோடு போய் அடித்துக் கற்ற பிள்ளையும் ஒரே அறைக்குள் நுழைகிறார்கள். இரண்டு பேரும் பதினைந்து ஆண்டுகள் கற்றிருக்கிறார்கள். ஒருவர் கற்றதைக் கேட்பதற்கு மட்டுமே அங்கே காது இருக்கிறது. முடிவு வந்ததும் அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இந்த வடிகட்டல் முதுகலையில் தொடங்குவதும் இல்லை. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்ற ஏழு பாடங்களைச் சுற்றியே அமைக்கப்பட்டது. மிருதங்கம் பாடமாக இருக்கிறது. அதற்குத் தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, நாதம் வரவைக்கும் தலித் கிறித்தவக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு முழு நூலே எழுதவேண்டியிருந்தது. தோல் உள்ளே போகலாம், தோலைத் தொட்டவர் வாசலில் நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு இசையிலும் உண்டு.

ஆடிஷனில் பாகுபாடு என்பது உலகம் அறியாத செய்தி அல்ல. வட கரோலினாவின் ட்ரையன் என்ற சிற்றூரில் பிறந்த யூனிஸ் வேமன் என்ற கறுப்பினப் பெண்ணின் பியானோ படிப்புக்கு ஊர்க்காரர்கள் பணம் திரட்டினார்கள். 1951-ல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகத்தில் அவர் ஆடிஷன் கொடுத்தார். இடம் கிடைக்கவில்லை. தன் நிறம்தான் காரணம் என்று அவர் கடைசிவரை சொன்னார். அவரைத்தான் பின்னாளில் உலகம் நீனா சிமோன் என்று அறிந்தது. 2003-ல் அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அதே கர்ட்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. ஒரு வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சிலர் 'போதாது' என்று முடிவெடுத்தால், அதை எதிர்த்து எதை வைத்து வழக்காடுவது? எழுத்துத் தேர்வில் விடைத்தாளாவது மிஞ்சும்.

அமெரிக்க இசைக்குழுக்கள் 1970-களிலிருந்து இதற்கு ஒரு தீர்வைப் பரவலாகக் கையாண்டன. வாசிப்பவருக்கும் நடுவருக்கும் இடையே திரை கட்டினார்கள். ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா என்று தெரியாமல் இசையை மட்டும் கேட்பது நோக்கம். நல்ல ஏற்பாடுதான். நமக்கும் திரை போட்டால் என்ன என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள்.

திரை உடலை மறைக்கும். நம் நாட்டில் சாதி கருவியிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து முதல் அடி விழுந்த கணமே, அடிப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். கருவியின் பெயரே ஒரு சாதியின் பெயராக ஒட்டவைக்கப்பட்ட சமூகம் இது. ஆகவே, யார் வாசிக்கிறார் என்பதை மறைப்பதால் மட்டும் நமக்கு நீதி கிடைக்காது. எது இசை என்று எழுதிவைத்திருக்கும் பட்டியலையே திருத்தவேண்டும்.

அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்? பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்தவர்கள். அதனால்தான் 'அவர்களுடைய பல்கலைக்கழகம் நமக்கு எதற்கு? பறை ஏற்கெனவே மேடை ஏறிவிட்டதே' என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2018 தொடக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது திரண்ட கூட்டம் நமக்குப் பெருமை. 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் பெருமை. ஆனால் எத்தனை இசைத்துறைகளின் தேர்வுக் குழுவில் ஒரு பறை ஆசான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்? விருது கொடுப்பவர்கள் நாற்காலி கொடுப்பதில்லை. பாடத்திட்டமும் ஆசிரியர் வேலையும் அந்த நாற்காலியில்தான் முடிவாகின்றன.

வெளிநாட்டு முதுகலையில் நிலைமை கொஞ்சம் வேறு. வாசிப்புக்கான பட்டங்களுக்கு முதலில் காணொளி கேட்பார்கள், தேறினால் நேரடி ஆடிஷன். இசையமைப்புக்கு இரண்டு மூன்று படைப்புகளின் ஸ்கோரும் ஒலிப்பதிவும். இன இசையியல் துறைகள் பலவற்றில் ஆடிஷனே இல்லை. கட்டுரை மாதிரி, நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள் போதும். நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவு இது. இதில் நமக்கு முன்மாதிரியும் உண்டு. பாலசரஸ்வதியின் தம்பிகள் டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் இசைவேளாளர் மரபிலிருந்து போனவர்கள். ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார். விஸ்வநாதன் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார்.

பறையும் அந்த உலகத்துக்குப் போயிருக்கிறது, ஆய்வுப் பொருளாக. மதுரை இறையியல் கல்லூரியில் பறையையும் நாட்டுப்புற இசையையும் விடுதலையின் மொழியாக்கிய தியோபிலஸ் அப்பாவுவைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் 2014-ல் மதிப்பான நூல் எழுதினார். அவருக்கு நன்றி சொல்வோம். அடுத்த நூலை எழுதவேண்டியவர், அந்தக் கருவியைத் தோளில் மாட்டி வளர்ந்தவர் அல்லவா? அரசு இதற்கும் முட்டுக்கட்டை போட்டது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் சார்ந்த தலைப்புகளுக்கு இடமில்லை என்று 2022-ல் விதி சேர்த்தார்கள். பறையைப் பற்றிப் படிக்கப் போகும் தலித் மாணவரின் முதல் தேர்வுக்குழு, இப்படி, டெல்லியிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஆகவே, போர்ட்ஃபோலியோ தயாரிப்பை நாம் அரசியல் வேலையாகவே செய்யவேண்டும். விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவைதான்.

உங்களை 'நாட்டுப்புறக் கலை ஆர்வலர்' என்று எழுதிக்கொள்ளாதீர்கள். 'தாளக்கருவிக் கலைஞர், முதன்மைக் கருவி பறை' என்று எழுதுங்கள். சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி என்று நீங்கள் அடிக்கும் ஒவ்வொன்றும் ஓர் உருப்படி. எத்தனை எண்ணிக்கையில் சுழல்கிறது, எங்கே வேகம் மாறுகிறது, எப்போது அடிப்பது, யாரிடம் கற்றது என்று ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் எழுதுங்கள். சொற்கட்டை வாயால் சொல்லிப் பதிவு செய்து, தமிழில் எழுதியும் இணையுங்கள். மேற்கத்திய ஸ்கோர் கேட்டால், அது தெரிந்த தோழரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

காணொளியை ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் எடுங்கள். பல இடங்களில் அதுதான் விதி. இரண்டு கைகளும், அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும், ஆட்டத்தில் கால்களும் தெரியவேண்டும். தோல் பறை என்றால் காய்ச்சி, சுருதி ஏறிய சூட்டோடு பதிவு செய்யுங்கள். நேரடி ஆடிஷன் நடக்கும் குளிரூட்டிய அறையில் தீ மூட்ட விடமாட்டார்கள். அங்கே ஃபைபர் பறை எடுத்துப்போவதா, வேறு வழியில் சூடேற்றுவதா என்று துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பியானோவுக்கு ஸ்ருதி சேர்க்க ஆள் வைத்திருப்பவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும்.

சாவு வீட்டு அடியைச் சேர்க்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது. சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக ஊரே திரண்டு நம் மக்களைத் தாக்கிய வரலாறு உண்டு. நாம் மறுத்தது ஊரின் கட்டாயத்தை. அந்தத் தாளத்தை உருவாக்கிய அறிவு நம்முடையது. சேர்ப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. சேர்த்தால், யார் யாரைக் கட்டாயப்படுத்தி அடிக்கவைத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

நோக்க அறிக்கையைத் துயரக் கதையாக ஆக்கிவிடாதீர்கள். நம் பிள்ளைகளிடமிருந்து கண்ணீரை எதிர்பார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. சாதி உங்கள் கல்வியில் எங்கே குறுக்கே நின்றது என்று நான்கைந்து வரிகளில் நேராகச் சொல்லுங்கள். மீதிப் பக்கம் முழுக்க இசை இருக்கட்டும். உங்கள் கேள்வி என்ன, அதை ஏன் நீங்கள்தான் கேட்கமுடியும் என்பதை எழுதுங்கள். ஆசானிடம் லெட்டர்ஹெட் இருக்காது. அவர் உங்களைப் பற்றிப் பேசுவதைப் பதிவுசெய்து, மொழிபெயர்த்து, ஒரு பேராசிரியரின் கடிதத்தோடு இணையுங்கள்.

இது புதிய வழியும் அல்ல. பட்டம் தரும் இசைத்துறை எதற்கும் காத்திராமல், தஞ்சை சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தன் செலவிலேயே இசை மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடா அனைத்திந்திய இசை மாநாட்டில், மகள்கள் இசைத்துக் காட்ட, சுருதிகளைப் பற்றிய தன் ஆய்வை முன்வைத்தார். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. எழுத்தும் இசையும் சான்றும் ஒன்றாகச் சேர்ந்த வாதம் அது. நல்ல போர்ட்ஃபோலியோ என்பதும் அதுதான்.

இவ்வளவையும் ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடியாது. இட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். விண்ணப்பமே போடாதவருக்கு இட ஒதுக்கீடு என்ன செய்யும்? அரசுப் பணித் தேர்வுகளுக்கு அம்பேத்கர் பெயரில் படிப்பகமும் மாலை வகுப்பும் நடத்தும் அமைப்புகள் நம்மிடம் இருக்கின்றன. அதே இடத்தில் இசை மாணவர்களுக்கும் ஒரு மூலை வேண்டும். ஒரு நல்ல மைக், ஒரு கேமரா, ஆங்கிலக் கட்டுரை திருத்தித்தரும் இரண்டு தோழர்கள், விண்ணப்பக் கட்டண விலக்கு கேட்டுக் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர். வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் கெடு முடியும். ஜூனில் தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

உள்ளூர் இசைத்துறைகளிடம் நாம் கேட்கவேண்டியவையும் தெளிவானவை. தேர்வில் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே வெளியிடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் மதிப்பெண் விவரத்தைக் கொடுங்கள். பறையை முதன்மைக் கருவியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு மதிப்பிட ஒரு பறை ஆசானைக் குழுவில் உட்காரவையுங்கள். இந்த நான்கையும் சேர்க்கை அறிவிப்பு வரும் முன்பே மனுவாகக் கொடுங்கள். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். பறை அதற்கும் பழகிய கருவிதான்.