கைப்பேசி அட்டையும் காசிமேட்டு மக்களும்

விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குச் சென்றால், ஏலக் குரல்களுக்கிடையே கைப்பேசிகள் ஒலிப்பதைக் கேட்கலாம். மீன் விற்கும் மகளிரின் சுருக்குப்பையிலும் இன்று கைப்பேசி உண்டு. அதனுள் விரல்நக அளவில் கிடக்கும் சிம் அட்டையைப் பற்றி நாம் சிந்தித்ததுண்டா?

அவ்வட்டை வெறும் தகடு அன்று. நினைவகமும் செயலியும் கொண்ட சிறு கணிப்பொறி. 2007இல் கென்யாவில் தோன்றிய எம்-பெசா, அட்டைக்குள் பதிந்த பட்டியல் வழியாகவே எளிய கைப்பேசிகளிலும் பணம் அனுப்ப வழிசெய்தது. 2008இல், அட்டையிலிருந்தே வலைப்பக்கங்களை வழங்குவதற்கான தர வரையறையும் வெளிவந்தது. எனினும் அது பரவவில்லை. திறன்பேசிச் செயலிகள் முந்திக்கொண்டன.

நம் மக்கள் அட்டையால் கண்டது வேறு. திரையில் திடீரென ஆங்கில விளம்பரம் தோன்றும். கீழே 'ஓகே' என்றிருக்கும். 2011 அளவில், நம் மாணவர் ஒருவரின் தாயார், காசிமேட்டில் மீன் விற்பவர், அதனை அகற்றவே ஈரக்கையால் பொத்தானை அழுத்தினார். பாடல் சேவைக்கென முப்பது ரூபாய் கழிந்தது. மறுநாள் பனிக்கட்டிக்காரரை அழைக்க இருப்பில்லை. "நான் ஒண்ணும் கேக்கலியே சார், எதுக்குத் துட்டு எடுத்தான்?" என்று அவர் வினவியபோது நாம் வாயடைத்து நின்றோம்.

2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இத்தகைய சேவைகளுக்கு இருமுறை ஒப்புதல் பெறுமாறு பணித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் புரியாத மொழியில் இருமுறை கேட்பதும் ஒருமுறை கேட்பதும் ஒன்றே. படிக்கத் தெரியாமை அவர் குற்றம் என்பாருளர். அஃது ஏற்புடையதன்று. வாங்குபவர் அறியாத மொழியில் விலை கூறிக் காசு பெறுவதை எந்தச் சந்தையும் வாணிகம் என்னாது. இன்றைய செயலிகளில் அனுமதி வேண்டும் திரைகளுக்கும் இதுவே அளவுகோல்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என வினவலாம். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு ஒருங்குறியில் 70 இடங்களே. உயிர்மெய்க் குறிகளும் தனி இடம் கொள்ளும். அதற்குள் கட்டணம், காலம், விலகும் வழி மூன்றையும் தெளிவுற எழுத வேண்டும். ஏழு சீரில் அறம் உரைத்த மொழிக்கு இஃது அரிதன்று. மாணவர்களே, அத்தகைய எழுபது இடத் தமிழை எழுதிப் பழகுங்கள். எழுதியதைக் காசிமேட்டு மகளிரிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் புரிந்துகொண்டால் அதுவே தேர்ச்சி.