பூட்டை மாற்றினால் மட்டும் போதுமா?

வன்னியில் ஒரு வீட்டைக் கள்ளர் உடைத்துவிட்டால், மறுநாள் காலையில் அந்த வீட்டார் செய்யும் முதல் வேலை கடைக்குப் போய் முன்னையதிலும் பெரிய ஆமைப்பூட்டு ஒன்றை வாங்கி வருவதுதான். அயலவரும் அப்படியே செய்வர். பத்து நாட்களுக்கு ஊரில் அதே பேச்சாக இருக்கும்; பின்னர் எல்லோரும் மறந்துவிடுவோம். பூட்டின்மீது நாம் வைக்கும் நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது என்பதே எனது கருத்து. பூட்டைத் தாங்கி நிற்கும் கதவையும், களவுபோன பொருள் போய்ச் சேரும் இடத்தையும் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

உடைக்கப்பட்ட கதவைச் சற்று உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் பூட்டு பூட்டியபடியே தொங்கும். கழன்றிருப்பது அதை மாட்டிய கொண்டியே. இரண்டு அரை அங்குல ஆணிகளால் பலகையில் அறைந்த கொண்டியை அலவாங்கால் ஒரு நெம்பு நெம்பினால் போதும். ஸ்குறூ ஆணியின் தலை வெளியே தெரிந்தால் அலவாங்கும் வேண்டியதில்லை, திருப்புளி போதும். ஆயிரம் ரூபாவுக்குப் பூட்டு வாங்கிப் பயனில்லை. கொண்டியைக் கதவுக்கு ஊடாக போல்ற் செலுத்தி, உட்புறத்தில் தகட்டு வளையம் வைத்து நட்டால் இறுக்குங்கள். கதவு நிலை சுவரோடு நன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இது ஊர்த் தச்சரும் மேசனும் அரை நாளில் முடிக்கும் வேலை. கிடுகு வேலியும் தகரச் சுவரும் உள்ள கொட்டிலில் இருப்போருக்கு இதுவும் உதவாது. அவர்களுக்கு அயலவரின் கண்தான் பூட்டு.

திறப்பு வெட்டுபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளிநொச்சி, வவுனியா போன்ற பட்டணங்களுக்குப் போனால் இத்தொழில் செய்பவரைக் காணலாம். கிராமத்தில் காண்பது அரிது. ஆகவே திறப்புத் தொலைந்தால் நம்மவர் பூட்டை உடைத்து எறிந்துவிடுகின்றனர். அது தேவையற்ற செலவு. கொண்டியைக் கழற்றிப் பூட்டை அப்படியே எடுத்துச் சென்றால், அவர் வெற்றுத் திறப்பொன்றை உள்ளே விட்டுத் திருகி, அதில் விழும் அடையாளத்தைப் பார்த்து அரத்தால் ராவிப் புதுத் திறப்பு ஆக்கித் தருவார். பூட்டுக்குள் சிறு ஊசிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டுத் திறபடும். மலிவான பூட்டில் ஊசிகள் குறைவு, வெட்டுகளின் வகையும் குறைவு. அதனாற்றான் சில வேளைகளில் அயல்வீட்டுத் திறப்பு நம் பூட்டையும் திறந்துவிடுகிறது. வேலை முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள். திறப்பைக் கொடுத்துவிட்டுச் சந்தை சுற்றப் போகாதீர்கள். இது யாருடைய வீட்டுத் திறப்பு என்று அவர் கேட்டால் கோபிக்கவும் வேண்டாம். சவர்க்காரக் கட்டியில் அச்செடுத்துக் கொண்டு வருபவனுக்கும் கேள்வியின்றி வெட்டிக் கொடுப்பவரை விட, கேள்வி கேட்பவரிடமே நான் போவேன்.

களவு நடந்த வீட்டில் எதையும் ஒதுக்கி வைக்கவோ கூட்டிப் பெருக்கவோ முன்னர் பொலிசுக்கு அறிவியுங்கள். 119 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். "போய் என்ன பயன்? போனது போனதுதான்" என்று சொல்லி வீட்டோடு இருந்துவிடுவோர் பலர். பொருள் திரும்பி வராவிட்டாலும் முறைப்பாடு தேவை. அடையாள அட்டை களவுபோனால் புதியது எடுக்க அந்த முறைப்பாட்டின் பிரதி கேட்பார்கள். வங்கிப் புத்தகம், நகை அடகு வைத்த துண்டு, காணி அனுமதிப்பத்திரம் என்பன போயிருந்தால் அன்றைக்கே வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் அரச கரும மொழியாயிற்று, 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தால் வடக்குக் கிழக்கின் நிருவாக மொழியுமாயிற்று. வேறு மொழியில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பம் இடாதீர்கள். நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருப்போர் அதன் இலக்கத்தை இப்போதே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாட்டைக் கொண்டு எந்த இயந்திரம் உங்களுடையது என்று எவரும் நிரூபிக்க முடியாது.

முறைப்பாடு செய்ய நாம் ஏன் தயங்குகிறோம்? இங்கே நமது பழைய அனுபவம் வந்து குறுக்கே நிற்கிறது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியோரும், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியோரும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டோரும் வீட்டைப் பூட்டிய திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அந்தத் திறப்புக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை, பல வீடுகளில் கதவு நிலையே இல்லை. ஓடும் தீராந்தியும் யன்னற் கம்பியும் கழற்றப்பட்டிருந்தன. 'சண்டையில் போனது' என்ற ஒரே சொல்லால் அவ்வளவையும் நாம் மூடிவிட்டோம். குண்டு விழுந்தால் ஓடு உடையும். கழன்று அடுக்காக வண்டியேறிப் போகாது. எவரெவரோ கழற்றினார்கள், எவரெவரோ விலை கொடுத்து வாங்கினார்கள். நம்மவரும் வாங்கினார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து, கூரை போட வேறு வழியின்றி மலிவாகக் கிடைத்த பழைய ஓட்டை வாங்கிய குடும்பத்தை நான் கடிந்துகொள்ள மாட்டேன். ஆயினும் அன்று அவலத்தில் தொடங்கியது இன்று சிலருக்கு வியாபாரமாகிவிட்டது.

இன்று காணாமற் போகும் இயந்திரமும் செப்புக் கம்பியும் யன்னற் கிராதியும் கள்ளனின் வீட்டில் தங்குவதில்லை. விடிவதற்குள் பழைய இரும்பு எடுப்பவரிடமோ, விலையை மட்டும் கேட்டுவிட்டு ஊரைக் கேட்காத ஒரு கமக்காரரிடமோ போய்விடுகின்றன. களவுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். பாதி விலைக்கு இயந்திரம் வந்தால் விற்பனைச் சிட்டையைக் கேளுங்கள். இலக்கத் தகடு ராவப்பட்டிருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவுதான் தேவை இருந்தாலும்.

இன்னொரு விடயம் எனக்கு நெடுநாளாக மனத்தை உறுத்துகிறது. ஊரில் எது காணாமற் போனாலும் முதற் சந்தேகம் ஒழுங்கைக் கடைசியில் தறப்பாளோ தகரமோ போட்டு இருக்கும் குடும்பத்தின்மீதுதான் விழுகிறது. "வந்தான் வரத்தான் வந்த பிறகுதான் இந்த ஊரில் களவு" என்கிறார்கள். சொல்பவரும் எங்கோ ஓர் ஊரில் இரண்டு மூன்று வருடங்கள் வந்தான் வரத்தானாக இருந்தவரே! அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இத்தகைய சந்தேகத்தால் களவு குறைந்ததாக நான் எந்த ஊரிலும் காணவில்லை. எது எங்கே இருக்கிறது, எவர் எப்போது வயலுக்குப் போகிறார் என்பது ஊரில் நெடுநாள் இருப்பவருக்கே நன்றாகத் தெரியும்.

காலபோக அறுவடை மாசி, பங்குனியில் வரும். அப்போது வீட்டில் உள்ளோர் பகலில் வயலிலும் இரவில் நெற்குவியலுக்குக் காவலிலும் இருப்பர். யானைக்கும் பன்றிக்கும் காவற்கொட்டில் போடும் நாம் வீட்டைப் பூட்டோடு விட்டுவிடுவோம். கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ இப்போதே கூடி, ஒவ்வோர் ஒழுங்கைக்கும் இரவில் இரண்டு பேராக முறை வைத்துப் பெயர் எழுதலாம். அந்தப் பட்டியலில் ஒழுங்கைக் கடைசி வீட்டின் பெயரும் இருக்கட்டும். யாருக்குக் காவல் என்று அவர்களிடமும் கேளுங்கள். அவர்களுடைய கொட்டிலிலும் ஒரு சைக்கிளும் இரண்டு மூடை நெல்லும் இருக்கும்.