பேய்க்கு என்ன குறை?

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் வட்டாரத்தில், ரப்பர் மரங்கள் மறைந்து செம்பனை சூழ்ந்துவிட்ட ஒரு தோட்டம். பெரும்பாலோர் பட்டணம் போய்விட, எஞ்சியிருக்கும் சில வீடுகளுள் ஒன்றில் ஒரு சனிக்கிழமை இரவு இளைஞர் நால்வர் கூடினர். விளக்கை அணைத்துவிட்டு ஜப்பானியப் பேய்ப்படம் ஒன்றைப் பார்க்கத் தொடங்கினர். ஹிடேயோ நக்காத்தா இயக்கி 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சடாக்கோ' என்பது அப்படம். ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேல் ஓடி, மீண்டும் விளக்கு எரிந்தபோது எவர் முகத்திலும் அச்சத்தின் சாயல் இல்லை, கொட்டாவியே இருந்தது.

"உளவியல் திகில் படம் என்று சொன்னார்களே!" என ஒருவர் அலுத்துக்கொண்டார். மூலையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி, எண்பது வயதைக் கடந்தவர், தலை நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பொண்ணுக்கு என்ன குறையாம்? எதுக்கு வந்து வந்து நிக்குது?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். முழுப் படத்தையும் பார்த்தவர்களால் அதற்கு விடை சொல்ல இயலவில்லை.

பாட்டி அறியாமையால் கேட்டார் என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். திரைப்படத் திறனாய்வில் அதனினும் கூர்மையான கேள்வி வேறொன்று இருப்பது அரிது.

உடுக்கை கேட்கும் கேள்வி

தோட்டத்தின் எல்லையில் முனீஸ்வரர் கோயில், பேய் பிடித்தவர் என்று அழைத்து வரப்படுவோர், உடுக்கையுடன் பூசாரி. மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்த முதியோர் எவருக்கும் இக்காட்சி புதிதன்று. அங்கே பூசாரி எடுத்த எடுப்பில் வேப்பிலையை ஓங்குவதில்லை. முதலில் கேட்கிறார்: நீ யார்? எந்த ஊர்? உனக்கு என்ன குறை? பேய் தன் கதையைச் சொல்கிறது. ஏமாற்றப்பட்டேன் என்கிறது, பிள்ளையை விட்டு வந்தேன் என்கிறது, எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்கிறது. குறை கேட்கப்பட்ட பின்னரே ஓட்டுதல் நடக்கிறது.

இதனை மூடநம்பிக்கை என்று பகுத்தறிவாளர் ஒதுக்கலாம். ஒதுக்குவதற்குக் காரணங்களும் உண்டு. ஆயினும் அச்சடங்கினுள் கலைக்கொள்கை ஒன்று உறைந்து கிடக்கிறது. உயிரோடு இருந்தபோது எவரும் கேளாத ஒருவரின் முறையீடே பேய் என்பது அது. முறையீடு இல்லாவிட்டால் பேய் இல்லை. வேடம் மட்டுமே உண்டு. விரித்த கூந்தலும் வெள்ளை ஆடையும் எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும். குறை எந்தக் கடையிலும் கிடைக்காது.

கிணற்றிலிருந்து எழுந்தவள்

இதே நக்காத்தாவுக்கு ஒரு காலத்தில் அது தெரிந்திருந்தது. கோஜி சுசுக்கியின் புதினத்தைத் தழுவி 1998-இல் அவர் இயக்கிய 'ரிங்கு' படத்தில் அதே சடாக்கோ வருகிறாள். அவள் தாய் சிசுக்கோ, பிறர் காணாததைக் காணும் ஆற்றல் உடையவள். செய்தியாளர் கூட்டத்தின் முன் அவளைச் சோதனைக்கு நிறுத்துகிறார்கள். ஏமாற்றுக்காரி என்று தூற்றுகிறார்கள். அவமானம் தாளாமல் அவள் எரிமலையின் வாயில் குதித்து மாள்கிறாள். மகளோ, காக்க வேண்டியவராலேயே கிணற்றில் தள்ளப்பட்டு மூடப்படுகிறாள். அங்கிருந்து எழும் வன்மமே பார்த்தவரை ஏழு நாளில் கொல்லும் ஒளிநாடா ஆகிறது.

அந்தப் படத்தின் உண்மையான திகில், தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து அவள் ஊர்ந்து வெளிவரும் காட்சியில் மட்டும் இல்லை. முடிவில் இருக்கிறது. நாடாவைப் பார்த்துவிட்ட தன் மகனைக் காக்க வேண்டுமானால், அதைப் படியெடுத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும் என்பதைக் கதைத்தலைவி கண்டுகொள்கிறாள். தன் பிள்ளை பிழைக்க வேறொருவர் தலையில் கேட்டைக் கட்ட வேண்டும்! அந்த இடத்தில் அச்சம் பேயைவிட்டு நீங்கிப் பார்ப்பவரின் மனத்துக்குள் புகுந்துகொள்கிறது. 'அவள் நிலையில் நீ என்ன செய்வாய்?' என்று படம் கேட்கிறது. உளவியல் திகில் என்னும் பெயர் அதற்கே பொருந்தும்.

கையிலிருந்த பொருளைத் தவறவிட்டமை

இருபத்தோராண்டு கழித்து வந்த 'சடாக்கோ'வில் உளவியல் பெயரளவில் மட்டும் நிறையவே இருக்கிறது. கதைத்தலைவி மாயு மருத்துவமனையில் பணிபுரியும் உளவியலாளர். நினைவிழந்த சிறுமி ஒருத்தி அவளிடம் கொண்டுவரப்படுகிறாள். சடாக்கோவின் மறுபிறவி என்று கருதிப் பெற்ற தாயே அச்சிறுமியை அடைத்துவைத்து வளர்த்திருக்கிறாள். இறுதியில் குடியிருப்புக்கே தீ மூட்டியிருக்கிறாள். மாயுவும் அவள் தம்பியும் பெற்றோர் அரவணைப்பின்றி வளர்ந்தவர்கள். தம்பியோ இணையத்தில் பார்வையாளர் எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசையில், எரிந்த அவ்வீட்டிற்குள் நுழைந்து படம் பிடித்துக் காணாமல் போகிறான்.

எத்தனை வளமான கதைக்கரு! பெற்றவளே பிள்ளையைப் பேய் என்று நம்பி இருட்டில் அடைப்பதைவிடக் கொடிய திகில் வேறு உண்டா? கைவிடப்பட்டு வளர்ந்த ஒருத்தி, கைவிடப்பட்ட இன்னொருத்திக்கு மருத்துவம் பார்ப்பதைவிட உருக்கமான நிலை உண்டா? பிறர் செத்த இடத்தைக் காட்சிப் பொருளாக்கிக் காசு பார்க்கும் இளைஞனைவிடக் காலத்திற்கேற்ற பாத்திரம் உண்டா? மூன்றையும் படம் கையில் எடுக்கிறது; மூன்றையும் நழுவவிடுகிறது. சிறுமி என்ன உணர்ந்தாள் என்பதை மாயு கேட்டு முடிப்பதற்குள் கூந்தல் தொங்கும் உருவம் குறுக்கே வந்துவிடுகிறது. தாயின் மனம் எப்படி அந்த நம்பிக்கைக்கு இரையாயிற்று என்று எவரும் ஆராய்வதில்லை. உளவியலாளரின் மேலங்கி இருக்கிறது, உளவியல் இல்லை.

காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1998-க்குப் பின் சடாக்கோ ஒரு வணிகச் சின்னம் ஆனாள். தொடர்ச்சிப் படங்கள் வந்தன. 2016-இல் வேறொரு படத்தொடரின் பேயுடன் அவளை மல்லுக்கு நிறுத்தினார்கள். பேஸ்பால் ஆட்டத்தின் தொடக்கப் பந்தை வீசுவதற்குக்கூடச் சடாக்கோ வேடமிட்டவரை அழைத்து வந்தார்கள். விழாவுக்கு வந்து பந்து வீசிவிட்டுப் போகும் பேயிடம் எவர் குறை கேட்பார்? பழைய புகழை அடகு வைத்துப் புதுக்கடன் வாங்கும் குடும்பம் போல அப்படத்தொடர் நொடித்தது.

ஜப்பானியர் அறிந்திருந்த கலை

ஜப்பானியப் பேய்க்கலையே இப்படித்தான் என்று முடிவு கட்டுவது பெரும் அநீதி. மசாக்கி கோபயாஷியின் 'குவாய்டான்' (1964) படத்தில் கண்ணற்ற இசைவாணன் ஹோயிச்சியை இரவுதோறும் இறந்தோர் அழைத்துச் செல்கின்றனர். 1185-இல் கடற்போரில் அழிந்த ஹைக்கே குலத்தவர் அவர்கள். அவன் இரத்தத்தை அவர்கள் கேட்கவில்லை. தங்கள் அழிவின் கதையைப் பாடச் சொல்லியே கேட்கின்றனர்.

கென்ஜி மிசோகுச்சியின் 'உகெட்சு' (1953) இன்னும் ஆழமானது. போர்க்காலத்தில் பொருளாசை கொண்டு மனைவியை விட்டுச் சென்ற குயவன், நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறான். மனைவி அடுப்பு மூட்டி உணவு தருகிறாள். அவன் உறங்க, அவள் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். விடிந்தபின் ஊரார் சொல்லித்தான் தெரிகிறது, அவள் முன்பே படைவீரர் கையில் இறந்துவிட்டாள் என்று. அப்பேய் எவரையும் அச்சுறுத்தவில்லை. கண்டவர் நெஞ்சோ நெடுநாள் ஆறுவதில்லை.

மலாய் மக்களின் பொந்தியானாக்கும் இத்தகையதே. மகப்பேற்றில் மாண்ட பெண்ணின் ஆவி என்பது அவர்தம் நம்பிக்கை. வாழை மரத்தடியில் பொந்தியானாக் நிற்கும் என்று தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் கேட்டே வளர்ந்தனர். 1957-இல் சிங்கப்பூரின் கேத்தே கெரிஸ் நிறுவனம் மரியா மெனாடோவை நடிக்கவைத்து எடுத்த 'பொந்தியானாக்' திரைப்படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். பிரசவ அறையின் சாவு வீட்டுக்கு வீடு அறிந்த துயரமாக இருந்த காலத்தில், அந்தப் பேய் மொழியெல்லை கடந்து மக்களை ஆட்கொண்டதில் வியப்பில்லை.

இருவகை மறுப்புகள்

'பேய்ப்படம் பொழுதுபோக்கு, அதில் பொருள் தேடுவது வீண்' என்பர் சிலர். பொழுதாவது போயிற்றா என்று அந்த நால்வரைக் கேட்டுப் பார்க்கட்டும். பொருளற்ற அச்சம் பொழுதையும் போக்குவதில்லை என்பதற்கு அவர்களின் கொட்டாவியே சான்று.

'மலாயாவைச் சுடுகாடாக்கியவர்களின் படத்தைத் தமிழன் ஏன் பார்க்க வேண்டும்?' என்பர் வேறு சிலர். அவர்தம் சினத்தின் வேர் புரியக்கூடியதே. ஆயினும் படைத்தலைவரின் குற்றத்தைக் கலைஞரின் கணக்கில் எழுதுவது முறையன்று. போர் ஏழைப் பெண்ணை என்ன செய்யும் என்பதை 'உகெட்சு' போலச் சொன்ன படங்கள் சிலவே. பிறரிடம் கற்பதில் இழிவில்லை; எதைக் கற்பது என்பதிலேதான் தெளிவு வேண்டும். எஸ். பாலசந்தர் அதற்கு வழிகாட்டி. அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) கண்டு ஊக்கம் பெற்று, ஏவி.எம். நிறுவனத்திற்காக 1954-இல் அவர் இயக்கிய 'அந்த நாள்' பாடலே இல்லாத தமிழ்ப்படம். ஜப்பானியப் படத்தின் காட்டையும் வாளையும் அவர் இரவல் வாங்கவில்லை. ஒரு கொலையைப் பலர் பலவாறு காணும் முறையை மட்டும் பெற்று, 1943-இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளில் தம் கதையை நட்டார். நாட்டை ஜப்பானுக்குக் காட்டிக்கொடுத்த வானொலிப் பொறியாளனின் கொலையைத் துலக்கும் கதை அது. ஜப்பானியரிடம் கற்ற கலையால் ஜப்பானியப் போரையே பேசிய துணிவு!

மலேசியத் தமிழ் இளைஞர் எடுக்கும் குறும்படங்களிலும் எழுதும் பேய்க்கதைகளிலும் இந்தத் தெளிவு இருக்கிறதா? முகத்தை மறைக்கும் கூந்தல் வருகிறது. நெரிந்து ஊரும் நடை வருகிறது. 'ரிங்கு'வின் வேடம் வந்து சேர்ந்தது. கிணறு வந்து சேரவில்லை. தோட்டத்திலே கிணறு இல்லையா? தேடினால் ஒன்றன்று, ஓராயிரம் உண்டு.

குறை சொல்லக் காத்திருப்போர்

1942 சனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட ஆள் தேடினர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். சில மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினர். பிறகு பிடித்தே ஏற்றினர். இலவசத் திரைப்படம் என்று அறிவித்து மக்களை வரவழைத்து, கதவை அடைத்து, உள்ளிருந்தோரை அப்படியே இரயிலேற்றிய நிகழ்ச்சியையும் அக்காலத்து நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. படம் பார்க்கப் போனவன் வீடு திரும்பவில்லை! இதனினும் கொடிய திகில் கதையை எந்த நாட்டு இயக்குநர் கற்பனை செய்வார்?

காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் காட்டிலே தின்றன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. மாண்ட தமிழர்க்கு அத்தகைய வரிசை இல்லை. இங்கே அவர்தம் மனைவியர் பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று அறியாமல் ஆண்டுகளைக் கழித்தனர். இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை. அடக்கமும் இல்லை, அழுகையும் முடியவில்லை. பேய் என்ற சொல்லுக்கு இலக்கணம் இதுவன்றி வேறென்ன?

இதனை எழுதியவரே இல்லை என்று சொல்வது பிழை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் உண்டு. ஆனால் அவை வாழ்ந்தவரின் வரலாறுகள். திரும்பி வராதவனின் குரலை வாசற்படிக்குக் கொண்டுவரும் திகில் இலக்கியமும் படமும் இன்னும் வரவேண்டும். 'உகெட்சு'வின் குயவன் திரும்பியபோது மனைவி ஆவியாக நின்றாள். கெமெண்டோரிலோ மெர்லிமாவிலோ ஒரு லயத்து வாசலில் மனைவி காத்திருக்க, கணவன் ஆவியாகத் திரும்பும் கதை எழுதப்படாமலே கிடக்கிறது.

அன்றிரவு கேள்வி கேட்ட பாட்டி, தாயின் இடுப்பில் கைக்குழந்தையாக இருந்தபோது தந்தையைச் சயாமுக்கு அனுப்பியவர். அவர் திரும்பவில்லை. இரவில் நாய் குரைத்தால் தாய் எழுந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள் என்று அவர் சொல்வதுண்டு. அந்தக் கதவு திறக்கும் ஓசையைப் பேரப்பிள்ளைகள் கேட்டிருந்தால், கொட்டாவி விடுவதற்காக ஜப்பான் வரை போயிருக்க மாட்டார்கள்.

ஆகவே பேனாவையோ படக்கருவியையோ எடுக்கும் மலேசியத் தமிழ் இளைஞர், கூந்தலை விரிப்பதற்கு முன் உடுக்கைக்காரரின் கேள்வியைக் கேட்கட்டும். நீ யார்? எந்தத் தோட்டம்? உனக்கு என்ன குறை? விடை சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலரே எஞ்சியிருக்கின்றனர். அவர்களும் போனபின் கேட்பதற்குக் கேள்வி இருக்கும். சொல்வதற்கு எவரும் இரார்.