மழையிரவும் ஒரு தார்ப்பாயும்

 

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் நம் பாலாற்றங்கரை ஊர்களில் தார்ப்பாய்க்கு மதிப்புக் கூடிவிடுகின்றது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் ஏற்றிவரும் லாரிகள் அதைப் போர்த்திக்கொண்டே ஊருக்குள் நுழைகின்றன. ஒழுகும் ஓட்டு வீட்டின் மீதும் அதுவே விரிக்கப்படுகின்றது. அத்தகைய எளிய பொருளை முறையாகத் தேர்ந்தெடுக்கவும் கட்டவும் அறியாத காரணத்தால், ஒரு தாயின் முன் தலைகுனிந்து நின்றவன் நான். அதனையே இம்மாதம் எழுத முற்படுகின்றேன்.

சென்ற ஆண்டு நவம்பரில் எங்கள் மதரஸாவின் மூத்த மாணவர்கள் அறுவரை ஏலகிரி மலைக்கு அழைத்துச் சென்றேன். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் மலையூர்கள் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்றான அத்தனாவூரில் நண்பர் ஒருவருக்குத் தோப்பு உண்டு. மரத்துக்கு மரம் தூளி கட்டி உறங்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. 'ஹேமாக்' என்று இன்று கடைகளில் விற்பது இத்தூளியைத்தான். 1492இல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அங்குள்ள மக்கள் பருத்தி வலையைத் தொங்கவிட்டு உறங்கியதைக் கண்டு வியந்தார் என்பது வரலாறு. தூளியிலேயே வளர்ந்த நமக்கு அதில் வியப்பில்லை.

புறப்படும் நாளில் கடைத்தெருவில் கண்ணில் பட்ட 9க்கு 6 அடித் தார்ப்பாய்கள் ஆறினை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் தோப்பில் படுத்தனர். நான் காவல்காரரின் ஓட்டு வீட்டில் படுத்தேன். நள்ளிரவுக்குப் பின் மழை பிடித்தது. ஓட்டின் மீது விழுந்த அதன் ஓசை எனக்குத் தாலாட்டாகவே இருந்தது. ஃபஜ்ருக்கு எழுந்து வெளியே வந்தபோது, அறுவரும் நனைந்த உடையோடு திண்ணையில் நெருங்கி அமர்ந்திருந்தனர். என்னை எழுப்ப அவர்களுக்குத் தயக்கம். அவர்களுள் இளைப்பு நோயுள்ள ஒருவன் மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தான். மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்த பின்னரே அவன் வீடு திரும்பினான். அவனுடைய தாயார் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஹஜ்ரத், நீங்க எங்கே படுத்திருந்தீங்க?" என்று மட்டுமே கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அதன் பின்னரே இக்கலையைக் கற்றேன். முதல் ஆசிரியர், தோல் மண்டியில் லாரிக்குப் பாரம் கட்டும் பெரியவர் ஒருவர். "தண்ணியைத் தடுத்து நிறுத்தப் பார்க்காதீங்க பாய். அது ஓடுறதுக்கு வழி விடுங்க" என்றார். தேர்விலும் கட்டுவதிலும் உள்ள நுட்பங்கள் யாவும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

முதலில் அளவு. 10 அடித் தூளியைச் சுமார் 30 பாகைச் சரிவில் தொங்கவிட்டால், அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ எட்டேகால் அடியாகும். தார்ப்பாய் ஒவ்வொரு முனையிலும் ஓரடியேனும் நீண்டிருத்தல் வேண்டும். ஆகவே 9 அடி போதாது. சாரல் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் புகுந்துவிடும். 12க்கு 9 அடி அளவே ஏற்றது. 12 அடிப் பக்கம் தூளியின் நீளவாட்டில் வர, இருபுறமும் நாலரை அடி சரிந்து இறங்கும்.

அடுத்தது கனம். பிளாஸ்டிக் இழையால் நெய்த தார்ப்பாய்களைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிட்டு விற்கின்றனர். 12க்கு 9 அடி என்பது ஏறத்தாழ 10 சதுர மீட்டர். 120 கிராம் தரம் என்றால் மொத்தம் 1.2 கிலோ, 200 கிராம் தரம் என்றால் 2 கிலோ. முதுகில் சுமந்து செல்வோருக்கு 120 முதல் 150 வரை போதும். வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித்துளை உண்டா என நோக்குக. ஓரம் மடித்து, உள்ளே கயிறு வைத்து ஒட்டப்பட்டுள்ளதா, மூலை வளையங்கள் உறுதியாக உள்ளனவா எனவும் பார்க்கவும். பொருள் வசதி உள்ளோர் மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் விரிப்புகளை வாங்கலாம். அவை அரைக் கிலோ அளவிலேயே கிடைக்கின்றன. நைலான் நனைந்தால் சற்றுத் தளரும். இரவில் ஒருமுறை எழுந்து இழுத்துக் கட்ட நேரிடும். பாலியஸ்டரில் அத்தொல்லை குறைவு.

இனி, கட்டும் முறை. இரு மரங்களுக்கும் இடையே 14 அல்லது 15 அடி இருக்கட்டும். முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்ட கிளையோ, முற்றிய பலாக்காயோ தலைக்கு மேல் இருந்தால் வேறு மரம் தேடுங்கள். தூளியின் பாரத்தை மெல்லிய கயிற்றில் ஏற்றினால் மரப்பட்டை அறுபடும். ஓரங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டையைச் சுற்றிக் கட்டுதல் நலம். மழைக்காலத்தில் தார்ப்பாயை முதலில் கட்டி, அதன் கீழ்த் தூளியைக் கட்டுக. அவிழ்க்கும்போது தூளி முதலில், தார்ப்பாய் கடைசியில்.

நடுக்கயிறு விறைப்பாக நிற்க வேண்டும். பாரம் கட்டுவோர் கயிற்றின் இடையிலேயே ஒரு கண்ணி போட்டு, முனையை மரத்தைச் சுற்றிக் கொணர்ந்து அக்கண்ணிக்குள் நுழைத்து இழுத்து முடிவர். ஒருவர் இழுக்கும் விசை அதனால் கூடும். தார்ப்பாயின் முகடு தூளியின் கயிறுகளுக்கு ஓரடி மேலே இருந்தால் போதும். உயரக் கட்டினால் சாரலுக்கு வழி திறந்ததாகும். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தாழ்த்துக. முளைகளை வெளிப்புறம் சாய்த்து அடித்தல் வேண்டும்.

எங்கும் தொய்வு கூடாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அது 50 லிட்டர், அதாவது 50 கிலோ பாரம். வளையத்தைப் பிய்த்துக்கொண்டு அது உறங்குவோர் மீது கொட்டும். சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகள் மூவருக்கு நேர்ந்தது இதுவே.

இன்னும் சில எச்சரிக்கைகள். இடி கேட்டால் தூளியை விட்டுக் கட்டடத்துக்குள் செல்க. ஓடைப் படுகையிலும், தனித்து நிற்கும் மரத்தடியிலும் தங்கற்க. காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி இரவு தங்குதல் கூடாது. தார்ப்பாயின் கீழ் அடுப்பு மூட்டவே கூடாது. 1997 ஏப்ரலில் மினாவின் கூடாரங்களில் பற்றிய தீயில் 340க்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிரிழந்ததை நம் இல்லங்கள் மறந்திரா. அதன் பின்னரே அங்குத் தீயைத் தாங்கும் கூடாரங்கள் அமைக்கப்பட்டன.

இவ்வளவும் கற்ற பின், இவ்வாண்டு ஐப்பசியில் மதரஸாவின் பின்புறத்து வேப்பமரங்களில் தூளியும் தார்ப்பாயும் கட்டி, நானே படுத்தேன். பின்னிரவு மூன்று மணி அளவில் நல்ல மழை. மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. ஆயினும் என் கால்மாடு ஈரமாயிற்று. விளக்கடித்துப் பார்த்தேன். மரத்தில் வழிந்த நீர் தூளிக் கயிற்றின் வழியே ஊர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. தார்ப்பாயின் நிழலுக்குள் வரும் இடத்தில், அக்கயிற்றில் ஒரு சாண் பருத்தி நூலை முடிந்து தொங்கவிட்டேன். நீர் அந்நூலில் இறங்கித் தரையில் சொட்டியது. விடியும் வரை தூளி நனையவில்லை. வெளியே நின்று எத்தனை முறை சுற்றிப் பார்த்தாலும் இக்குறை எனக்குத் தெரிந்திராது.

மறுநாள் அந்தத் தாயாரின் இல்லம் சென்றேன். மீண்டும் ஏலகிரிக்குச் செல்கின்றோம் என்றும், அவர் மகனின் தூளிக்கு அடுத்த தூளியில், அதே அளவுத் தார்ப்பாயின் கீழ் நானும் படுப்பேன் என்றும், மருத்துவரிடம் கேட்டு அவனுடைய மருந்தை என் பையில் வைத்துக்கொள்வேன் என்றும் கூறினேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அந்தத் தார்ப்பாயைக் கொண்டாங்க ஹஜ்ரத்" என்றார். இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. நான்கு மூலைகளிலும் கான்வாஸ் துணியை இரட்டையாக மடித்து வைத்து, காலணிக்குத் தைப்பதுபோல் நெருக்கமாகத் தைத்து, தையலின் மேல் மெழுகும் தேய்த்திருந்தார்.

பிறர் பிள்ளையை அழைத்துச் செல்வோர் அப்பிள்ளை படுக்கும் இடத்தில் முதலில் தாம் ஓர் இரவு படுத்துப் பார்க்கட்டும். வரும் மாதம் புறப்படுகின்றோம், இன்ஷா அல்லாஹ்.